இரண்டு இதழ் போதும் என்கிறவர்களுக்கு

“ரெண்டு இதழ் போதும் மச்சான். ஆருக்கு விளங்கப் போகுது?”

நாலு மாதமாக நாங்கள் கேட்டுவரும் வசனம் இது. கடைக்காரர் சொன்னார், கூடப் படிக்கிறவன் சொன்னான், சொந்தக் காக்காவும் சொன்னார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனாலும் நம்மட ஊர்களைக் கெடுக்கிற வசனங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், முதலாம் இடத்தை இதற்குத்தான் கொடுப்போம். ஏன் என்று சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் விஷயம். நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் கோமாரி, மற்ற மூன்று பேர் அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை. ஐந்து பேரும் கலைப்பீடம். கோமாரி எங்கே என்று கேட்பவர்களுக்கு: திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பேரை மட்டும் கூகுளில் போட்டுத் தேடாதீர்கள், மாட்டுக்கு வருகிற நோய்தான் முதலில் வரும். நாங்கள் சேர்ந்து சாரஸ் என்ற விமானத்தின் மொடல் ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறோம். உடம்பு முடிந்துவிட்டது. செட்டை முடிந்துவிட்டது. புரொப்பெல்லர் மட்டும் கிடைக்கவில்லை.

சாரஸ் பெங்களூரில் இருக்கும் தேசிய வான்வெளி ஆய்வுகூடத்தில் பிறந்த சின்னப் பயணிகள் விமானம். இந்தியாவிலேயே வடிவமைத்தது, 14 இருக்கை, டர்போபுரொப். டர்போபுரொப் என்றால், உள்ளே ஜெட் எஞ்சினில் இருப்பதுபோல ஒரு டர்பைன் சுழலும், அந்தச் சக்தி வெளியே ஒரு புரொப்பெல்லரைச் சுற்றும். அநேகமான விமானங்களில் அது முன்னால் நின்று இழுக்கும். சாரஸில் இரண்டு எஞ்சினும் வால் பக்கம். புரொப்பெல்லர் பின்னால் நின்று தள்ளும். 2004 மே 29 அன்று முதல் தடவை பறந்தது. செய்து முடித்தபோது திட்டமிட்டதை விட எடை கூடிப்போனதால் இரண்டாவது மாதிரிக்கு இன்னும் பலமான எஞ்சின் போட்டார்கள். அந்த இரண்டாவது மாதிரி 2009 மார்ச் 6 அன்று பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் விழுந்தது. விங் கமாண்டர் பிரவீன் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. மூன்று பேரும் இறந்துபோனார்கள். முதல் இருவரும் பரிசோதனை விமானிகள், இளையராஜா பறப்புப் பரிசோதனைப் பொறியியலாளர்.

அன்று அவர்கள் செய்தது ஒரு பரிசோதனை: வானத்தில் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி மூட்டிப் பார்ப்பது. விசாரணை அறிக்கை பிரதான காரணமாகச் சொன்னது, மூட்டுவதற்கு வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்த பிழையான முறையை, போதாத உயரத்தில் செய்ததை. துணைக் காரணங்கள் என்று சிலவற்றையும் சேர்த்தார்கள். அதில் ஒன்று எங்களைத் தூங்க விடவில்லை: அந்த முறையை வகுக்கும்போது புரொப்பெல்லர் செய்த கம்பனியைக் கலந்தாலோசிக்கவில்லை.

ஏன் கேட்க வேண்டும்? வானத்தில் எஞ்சின் ஒன்றை நிறுத்தினால் அதன் புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால், ஓடுற வேனுக்கு வெளியே ஒரு பலகையை அகலவாட்டில் நீட்டிப் பிடித்த மாதிரித்தான். அந்தப் பக்கம் காற்று பிடித்து இழுக்கும். இதழ் எந்த நேரம் எந்தப் பாகையில் நிற்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவன் அதைச் செய்தவன். “அது சும்மா ஒரு காத்தாடிதானே” என்று எங்களுக்குச் சொன்னவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிசம் நின்றுவிட்டு மேலே வாசியுங்கள்.

இப்ப எங்கட தேடலுக்கு வருவம். சாரஸுக்கு ஐந்து இதழ். முதல் மாதிரிகளுக்கு அவை ஜெர்மனியில் இருக்கும் எம்டி-புரொப்பெல்லர் கம்பனியிலிருந்து வந்தன, எஞ்சின் கனடாவிலிருந்து. திருத்திய மாதிரி 2018 ஜனவரி 24 அன்று பறந்தபோது புரொப்பெல்லரின் விட்டம் 104 அங்குலம். பன்னிரண்டால் பிரித்தால் கிட்டத்தட்ட 8.7 அங்குலம். எங்களுக்குத் தேவையான அளவு அதுதான்: 8.7 அங்குலம், ஐந்து இதழ், இரண்டு.

நாங்கள் பார்த்த ஒன்லைன் கடைகளில் கிடைப்பது என்ன? ட்ரோனுக்கு உரிய இரண்டு இதழ், மூன்று இதழ். அதன் மேல் 9×6, 8×4.5 என்று எழுதியிருக்கும். முதல் இலக்கம் விட்டம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்கிற கணக்கு, மரத்துக்குள் இறங்குற ஸ்குரூ ஆணி மாதிரி. ஐந்து இதழ் இருந்தது, ஆனால் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிகள். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டதற்குப் பிறகு, “வாங்கிப் பார்ப்பம், சரிவராட்டி வேறொன்று” என்கிற விளையாட்டு மாணவர் கையில் இல்லை. ஒரு சோடிக்குக் கொடுக்கிற காசு ஒரு கிழமைச் சாப்பாடு.

ஆகவே கேட்டோம். கேட்ட இடமெல்லாம் மூன்று பதில்கள்தான் வந்தன.

முதலாவது பதில் மேலே இருக்கிறது. ஆருக்கு விளங்கும்?

கோமாரிக் கரையில் நிற்கிறவருக்கு விளங்கும். வள்ளத்து எஞ்சினுக்கு அடியில் சுற்றுகிற புரொப்பெல்லரை வருசக்கணக்காகக் கழற்றிப் பூட்டுகிற ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதன் மேலும் இதே மாதிரி இரண்டு இலக்கங்கள்தான் பொறித்திருக்கும், விட்டமும் ஒரு சுற்றுக்குப் போகிற தூரமும். பாரம் கூட ஏற்றுற வள்ளத்துக்கு ஒரு அளவு, விரைவாக ஓட வேண்டிய வள்ளத்துக்கு இன்னொரு அளவு என்று அவருக்குத் தெரியும். கல்லில் அடிபட்டு ஒரு இதழின் நுனி மடங்கினால் எஞ்சின் முழுக்க நடுங்கும் என்று கைக்கே தெரியும். வலக்கைப் புரொப்பெல்லரைத் திருப்பிப் பூட்டினாலும் அது இடக்கை ஆகாது, ஸ்குரூ ஆணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் மரை மாறாததைப்போல. பின்னால் நின்று தள்ளுகிற விமானத்துக்கு “முன் பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பிப் போடுங்க, சரி” என்று எங்களுக்கு யோசனை சொன்ன பொறியியல் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. நம்மட ஊரில் அறிவு இல்லை என்று யார் சொன்னது? அறிவு கரையில் நிற்கிறது. அதனிடம் போய்க் கேட்கிற பழக்கம்தான் இல்லை.

“ஆருக்கு விளங்கும்” என்பதன் உண்மையான அர்த்தம், “நம்மட ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது” என்பதுதான். தன் ஊர்ச் சனத்தை மட்டம் தட்டுகிற வசனம் அது. கண்காட்சிக்குக் கடையில் வாங்கின எரிமலையை வைப்பதும், இன்னொருவர் எழுதின ஒப்படையின் பேரை மாற்றிக் கொடுப்பதும், மேடைக்குத் தெரிகிற பக்கம் மட்டும் பெயின்ற் அடிப்பதும் இதே வசனத்தின் பிள்ளைகள். ஐந்து இதழை இரண்டாக்கினால் எங்கட மேசையில் நிற்கிறது சாரஸ் ஆகாது. வால் பக்கம் இரண்டு மின்விசிறி பூட்டின ஒரு வெள்ளைப் பொம்மை ஆகும். அந்த மூன்று பேரின் கதையைச் சொல்ல அதன் பக்கத்தில் நிற்க எங்களுக்கு வெட்கமாக இருக்கும்.

இரண்டாவது பதில்: “நீங்க ஆர்ட்ஸ்தானே, இது உங்கட பாடமா?”

ஏ.எல் பெறுபேறு வந்த அன்றே ஒரு மனிசனின் கைக்கு என்ன தெரியலாம், என்ன தெரியக் கூடாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிற நாடு இது. கணிதப் பிரிவு என்றால் இயந்திரத்தைத் தொடலாம். கலைப் பிரிவு என்றால் பட்டிமன்றம் பேசலாம். புரொப்பெல்லர் வரலாற்றில் இப்படி ஒரு வேலி இருந்திருந்தால் ஒன்றும் பறந்திருக்காது. 1903இல் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். பட்டம் இல்லை, உயர்தரப் பாடசாலையை முடித்த சான்றிதழ்கூட இருவருக்கும் இல்லை. கப்பல் புரொப்பெல்லர் பற்றிய புத்தகங்களில் கணக்கு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பித் தேடினார்கள், உதவுகிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தாங்களே ஒரு விஷயத்தைப் பிடித்தார்கள்: புரொப்பெல்லர் என்பது சுழன்றுகொண்டே பறக்கிற ஒரு செட்டை. அந்த எண்ணத்தோடு மரத்தைச் சீவினார்கள். வாங்க ஒரு கடை இருக்கவில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம்.

கொஞ்சம் கிட்ட வருவம். அப்துல் கலாமின் படம் ஒட்டாத வகுப்பறை நம்மட கரையில் எத்தனை? பிறந்தநாளுக்கும் இறந்தநாளுக்கும் “கனவு காணுங்கள்” என்று ஸ்டேடஸ் போடாதவர் எத்தனை பேர்? நம்மடதைப்போலவே ஒரு கரையூரான ராமேஸ்வரத்தில், படகு வைத்திருந்த ஒருவரின் மகன். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார், பெங்களூரில் ஆரம்ப நாட்களில் ஹோவர்கிராஃப்ட் ஒன்றைக் கட்டிய குழுவை நடத்தினார். படத்தை ஒட்டுகிறோம். அவர் செய்த வேலையைத் தொட்டால் “உனக்கு என்னத்துக்கு” என்கிறோம். அதே எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகராகப் போய், 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் வந்தபோது ரைம்லைன் முழுக்க விசில். அஜித் மொடல் விமானம் செய்தால் மாஸ், கோமாரிப் பொடியன் செய்தால் வேலை இல்லாத வேலை. இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம்.

மூன்றாவது பதில் வீட்டுக்குள் இருந்து வந்தது. அதை எதிர்த்து எழுதக் கை நடுங்குகிறது, ஏனென்றால் அதற்குள் இருப்பது பயம்.

“வேணாம் மகன். புரொப்பெல்லர், மோட்டர், பற்றரி என்று பாசல் வந்தா ஆராவது ஒண்டு கேட்பாங்க.”

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த அந்தக் கிழமையை எங்கட கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருது. அதற்கு முதல் நாள்தான் ஆளில்லா வானூர்திகள் பறக்க நாடு முழுக்கத் தடை வந்தது. பிறகு கட்டுப்பாடுகளோடு தடையை எடுத்தார்கள். உம்மாமாரின் மனதிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. அலுமாரியில் இருந்த அரபுப் புத்தகத்தைக்கூட ஒளித்து வைத்த வீடுகள் இவை. அந்தப் பயத்தைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம். எங்களில் ஒருவர் ஒரு அலுவலகத்தில் பாசலை எடுக்கப் போனபோது, அவருடைய பேரை மூன்று தரம் கேட்டுவிட்டு, “இது எதுக்கு?” என்பதை நாலு தரம் கேட்டார்கள். கோமாரியில் இருக்கிற எங்கட மற்றக் கூட்டாளி அதே மாதிரிப் பாசலை எடுக்கப் போனபோது ஒரு கையெழுத்தோடு முடிந்தது. இரண்டு பேருக்கும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இரண்டு கிழமை ஆனது.

ஆனாலும் சொல்கிறோம்: பயத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனால் அது கேட்கிற இடம் கூடிக்கொண்டே போகும். முதலில் ட்ரோன் வேண்டாம். பிறகு மோட்டர் வேண்டாம். பிறகு வேதியியல் புத்தகம் வேண்டாம், கமெரா வேண்டாம், கேள்வி வேண்டாம். கடைசியில் ஒரு தலைமுறைக்கு மிஞ்சுவது போனும் புட்போலும் வெளிநாட்டு விசாவும். பறக்க விடுகிற எதற்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, பறக்க விடுகிறவர்கள் அதை வாசித்து அதன்படி நடக்க வேண்டும், அதில் எங்களுக்கு வேறு கருத்து இல்லை. எங்கட சாரஸ் பறக்காது. மேசையில் நிற்கும், புரொப்பெல்லர் மட்டும் மெல்லச் சுற்றும். சட்டம் தடுக்காத ஒன்றை நாங்களே எங்களுக்குத் தடை செய்துகொண்டால், எங்களைச் சந்தேகித்தவர்களின் வேலையை அவர்களுக்காக நாங்கள் செய்து கொடுக்கிறோம். ஒளித்துச் செய்கிறவனைப் பார்த்துத்தான் ஊரும் சந்தேகப்படும். வாசலில் வைத்து, போகிற வருகிற சனம் பார்க்கச் செய்தால் சந்தேகம் என்னத்தைப் பிடித்துத் தொங்கும்? ஆகவே முன் விறாந்தையில்தான் செய்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து இதழை எண்ணிவிட்டுப் போகிறார்கள்.

சரி, கோபம் போதும். புரொப்பெல்லருக்கு என்ன வழி?

செய்வதுதான் வழி. ஜெர்மன் கம்பனியின் இதழுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தேடியபோது நாங்கள் துள்ளிவிட்டோம். மரம். அழுத்தி ஒட்டின மரப் பலகைகளைச் சீவி, அதன் மேல் இழைத்துணியும் பசையும் போட்டு மூடுகிறார்கள், முன் விளிம்புக்கு உலோகத் தகடு. மரமும் பைபரும்! பைபர் வள்ளத்தின் ஓட்டையை அடைக்கிறவர் நம்மட கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார். மரக்காலையில் துண்டுப் பலகை கேட்டால் சும்மாவே தருவார்கள். செய்முறை வேறு கண்டத்தில் இருந்தது, பொருட்கள் முழுக்க கண்ணுக்கு முன்னால் கிடந்தன.

செய்யப் போகிறவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இதழ் ஏன் முறுக்கியிருக்கிறது? நுனி ஒரு சுற்றில் பெரிய வட்டம் ஓடுகிறது, நடுவுக்குக் கிட்ட உள்ள பகுதி சின்ன வட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தூரம் முன்னே போக வேண்டும். ஆகவே நடுவில் சாய்வு கூட, நுனியில் குறைவு. ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் போக வேண்டும் என்று வைத்தால், நடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் வட்டத்தின் சுற்றளவு 9.4 அங்குலம், சாய்வு 40 பாகை. 3.25 அங்குலத்தில் சுற்றளவு 20.4, சாய்வு 21 பாகை. நுனியில் 16 பாகை. எட்டைச் சுற்றளவால் பிரித்து, அதற்குரிய பாகையைக் கல்குலேட்டரின் டான் பொத்தானில் தலைகீழாகக் கேட்டால் வந்துவிடும். ஓ.எல் கணக்கு. ஆர்ட்ஸ் படிக்கிறவருக்கும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

இந்த மூன்று பாகைக்கும் மட்டையில் முக்கோணம் வெட்டி வைத்துக்கொண்டு ஒரு இதழை மட்டும் மரத்தில் சீவ வேண்டும். அது சரியாக வந்த பிறகு அச்செடுத்து, அதிலிருந்து பைபரில் ஐந்து. ஐந்தையும் தனித்தனியாகச் சீவப் போனால் ஐந்து விதமாக வரும். நடுக்குமிழில் 72 பாகைக்கு ஒன்றாகப் பூட்ட வேண்டும். பூட்டினதை ஒரு மெல்லிய கம்பியில் கோர்த்துக் கிடையாகப் பிடித்தால் பாரமான இதழ் தானாகக் கீழே வரும், அதை உரைதாளால் தேய்க்க வேண்டும், எந்த இதழும் கீழே வர அடம்பிடிக்காத வரைக்கும். கையால் செய்த இதழை வேகமாகச் சுற்ற விடாதீர்கள், கழன்று பறந்தால் கண் போகும். காட்சிக்கு மெல்லச் சுற்றினால் காணும். முதல் இதழ் இப்ப அச்சில் இருக்கிறது. அதைச் சீவும்போது சொல்லித் தந்தவர் வள்ளம் திருத்துகிறவர். எங்கட கலைப்பீடத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நுனி தடிச்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இனி எங்கட கோரிக்கைகள். பாடசாலைக் கண்காட்சிகளுக்கு ஒரே ஒரு விதி போடுங்கள்: ஒவ்வொரு மொடலுக்கும் பக்கத்தில், எந்தப் பகுதி வாங்கினது, எந்தப் பகுதி தன் கையால் செய்தது என்று ஒரு காகிதம். செய்தது ஒன்றாவது இருக்க வேண்டும். பரிசை அதற்குக் கொடுங்கள், பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள். பூட்டி வைத்திருக்கிற ஆய்வுகூட அலுமாரிகளையும் மரவேலை அறைகளையும் பின்னேரத்தில் திறந்துவிடுங்கள், எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும். வள்ளம் கட்டுகிறவரையும் எஞ்சின் திருத்துகிறவரையும் வருசத்தில் ஒரு நாளாவது வகுப்பறைக்குக் கூப்பிட்டு, “சேர்” என்று அழைத்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். வீடுகளில், “என்னத்துக்கு?” என்று கேட்கிற இடத்தில், “எப்பிடிச் செய்தாய்?” என்று கேளுங்கள். பிள்ளை அரை மணித்தியாலம் நிறுத்தாமல் பேசும், பாருங்கள்.

2009இல் பிடதியில் விழுந்ததற்குப் பிறகு சாரஸ் திட்டம் வருசக்கணக்காக முடங்கிக் கிடந்தது. மறுபடி பறக்க ஒன்பது வருசம் ஆனது. எங்களுக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது. இரண்டு புரொப்பெல்லருக்குப் பத்து இதழ் வேண்டும், இன்னும் பத்தும் வார்க்கக் கிடக்கிறது. உதவிக்கு வருகிறவர்கள் உரைதாள் கொண்டு வாருங்கள். “ரெண்டு போதும்” என்று சொல்ல வருகிறவர்களும் வாருங்கள், உங்களுக்கும் ஒரு இதழ் தேய்க்கத் தருவோம்.